சிகாகோவில் செய்யப்பட்ட போலந்து

அமெரிக்காவின் போலிஷ் பேட்டைகளில் வளர்ந்தவர்கள் எழுதிய நினைவுக் குறிப்புகளில் பெரும்பாலும் ஒரே சித்திரம்தான் கிடைக்கிறது. தாழிடாத கதவுகள், வீட்டுப் பிள்ளைகளை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடும் கடைக்காரர், அடுத்த தெருவில் சேட்டை செய்தால் பையன் வீடு திரும்புவதற்குள் தாய்க்குப் போய்ச் சேர்ந்துவிடும் செய்தி, ஞாயிற்றுக்கிழமைப் பூசை, பாட்டியின் அடுப்படி. இந்தச் சித்திரத்தில் பொய் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்த நெருக்கத்துக்கு அவர்கள் சொல்லும் காரணம்தான் நிற்கவில்லை. ‘எங்கள் ஜனமே அப்படித்தான், கிராமத்தில் இருந்தபோதே அப்படித்தான் இருந்தோம்’ என்கிறார்கள். இந்தப் பேட்டைகளில் மிகப் பெரியது சிகாகோவின் வடமேற்கில், டிவிஷன் தெருவும் ஆஷ்லண்டும் மில்வாக்கி அவென்யூவும் சந்திக்கும் இடத்தைச் சுற்றி இருந்தது. அதன் வரலாற்றை எடுத்துப் பார்த்தால் அந்த நெருக்கம் கப்பலில் வந்து இறங்கிய சரக்காகத் தெரியவில்லை. 1860களுக்கும் 1920களுக்கும் இடையில் கூலிக்காரர்கள் வாராவாரம் போட்ட சில்லறையாலும், சங்கங்களின் கணக்குப் புத்தகங்களாலும், பள்ளிக்கூடங்களாலும், ஊரே இரண்டுபட்ட சண்டைகளாலும் அது கட்டப்பட்டது. அங்கே வளர்ந்த பிள்ளைகள் போலிஷ்காரர்களாக ஆக்கப்பட்டார்கள். நெருக்கம் இயல்பாகவே வந்தது என்று சொல்லும்போது, அதைக் கட்டியவர்களின் உழைப்பு முழுவதும் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

முதலில் வந்தவர்கள் யார் என்று பார்ப்போம். 1772, 1793, 1795 என்று மூன்று முறை கூறுபோடப்பட்ட போலந்து, 1918 வரை வரைபடத்திலேயே இல்லை. பிரஷ்யாவும் ரஷ்யாவும் ஆஸ்திரியாவும் அதைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. சிகாகோவுக்கு முதலில் வந்தவர்கள் பிரஷ்யப் பகுதியின் போஸ்னான், சிலேசியா, கஷுபியா மக்கள். 1870களில் பிஸ்மார்க் கத்தோலிக்கத் திருச்சபைமீது தொடுத்த நெருக்கடி அவர்களில் பலரைத் துரத்தியது. 1890களுக்குப் பிறகு ரஷ்யப் பகுதியிலிருந்தும் ஆஸ்திரியாவின் கலீசியாவிலிருந்தும் நிலமற்ற உழவர்கள் வந்து குவிந்தார்கள். ஒருவர் ஜெர்மன் பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றவர். இன்னொருவர் கையெழுத்துக்குச் சிலுவைக்குறி போடுபவர். வேறு வேறு பேரரசர்களின் படையில் இருந்தவர்கள் ஒரே இறைச்சி ஆலையில் ஒரே தரையில் வழுக்கி நின்றார்கள். பேச்சு வழக்கு வேறு, உடை வேறு, பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வட்டம் வேறு. நகரின் தென்பக்கம், ஸ்டாக் யார்ட்ஸ் கால்நடைச் சந்தைக்குப் பின்புறம் இருந்த பேட்டையில் 1887லேயே புனித சூசையப்பர் கோயிற்பங்கும், இருபது ஆண்டு கழித்துக் கடவுளின் யோவான் பங்கும் போலிஷ் மக்களுக்கென்று ஏற்பட்டுவிட்டன. ஆனாலும் தாத்ரா மலையிலிருந்து வந்தவர்களுக்கு அவை ஒத்துவரவில்லை. 1910ல் திருஇருதயப் பங்கு அவர்களை மையமாகக் கொண்டு எழுந்தது. பிறவியிலேயே ஒன்றான மக்களுக்கு நடந்து போகும் தூரத்தில் மூன்று கோயில்கள் தேவைப்பட்டிருக்காது.

வடமேற்குப் பேட்டையின் தொடக்கமும் இதையே காட்டுகிறது. அங்கே பாதிரியார் வருவதற்கு முன்பே சங்கம் வந்துவிட்டது. சிலேசியாவில் பிறந்து, இளவயதில் குடும்பத்தோடு டெக்ஸாஸ் வந்து, உள்நாட்டுப் போரில் படையில் இருந்த பீட்டர் கியோல்பாசாவும் இன்னும் சிலரும் 1864ல் புனித ஸ்தனிஸ்லாவ் கோஸ்த்கா பெயரில் ஒரு சகாய சங்கம் தொடங்கினார்கள். அதே பெயரில் பங்கு ஏற்பட்டது 1867ல்தான். 1874ல் உயிர்த்தெழுதல் சபையைச் சேர்ந்த வின்சென்ட் பாஜின்ஸ்கி பங்குத்தந்தையாக வந்து, 1899ல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். இன்று நிற்கும் கோயில் 1877 முதல் 1881 வரை கட்டப்பட்டது. 1890களின் இறுதியில் அந்தப் பங்கில் ஏறக்குறைய 8,000 குடும்பங்கள், சுமார் 40,000 பேர் இருந்தார்கள். அமெரிக்காவிலேயே அப்போது அதைவிடப் பெரிய பங்கு இல்லை என்பார்கள். மேல் கோயிலில் ஆறும் கீழ்த்தளக் கோயிலில் ஆறுமாக ஞாயிறன்று பன்னிரண்டு பூசை. பழைய நாட்டில் ஒரு மாவட்டத்துக்கு இருக்கும் ஜனத்தொகை இங்கே சில தெருக்களுக்குள் இருந்தது. இவ்வளவு பேர் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள் என்பது தானாக நடக்கக்கூடியதல்ல. அதற்கு ஓர் ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாடு சங்கங்கள்தாம். ஜெபமாலைப் பெண்கள் சபை, இளைஞர் சபை, பாடற்குழு, ஊருக்கொரு புனிதரின் பெயரில் சகாய சங்கம் என்று ஒரே பங்கில் டஜன் கணக்கில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தலைவர், செயலர், பொருளாளர், மாதக் கூட்டம், தேர்தல், தீர்மானப் புத்தகம். பிரஷ்யாவிலோ கலீசியாவிலோ கூட்டத்தில் நின்று ஒரு வார்த்தை பேசியிராத உழவன் சிகாகோவில் பொருளாளர் ஆனான். மாதம் ஒருமுறை நாற்பது பேருக்கு முன்னால் கணக்கு ஒப்புவித்தான்.

சங்கம் எதற்கு என்றால், முதலில் சாவுக்கு. இறைச்சி ஆலையிலோ இரும்பு ஆலையிலோ கூலிவேலை செய்பவனைப் பெரிய காப்பீட்டு நிறுவனங்கள் எளிதில் சேர்த்துக்கொள்வதில்லை. சங்கத்தில் மாதச் சந்தா கட்டினால், அவன் இறந்தபின் விதவைக்குச் சில நூறு டாலர் கிடைக்கும். அடக்கத்துக்கு உறுப்பினர் எல்லாரும் வந்தாக வேண்டும், வராதவருக்கு அபராதம். இந்தச் சங்கங்களின் மார்ப்பட்டைகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பட்டுத்துணியில் தைத்து, மேலே உலோக வில்லை கோத்து, கீழே சரிகைக் குஞ்சம் விட்டவை. முன்பக்கம் சிவப்பும் வெள்ளையுமாக, புனிதரின் படத்தோடும் சங்கத்தின் பெயரோடும் இருக்கும். திருப்பினால் முழுக்கக் கறுப்பு, அதில் வெள்ளி எழுத்து. ஊர்வலத்துக்கு ஒரு பக்கம், சவ அடக்கத்துக்கு மறுபக்கம். ஒரே பட்டையை இரண்டுக்கும் வைத்துக்கொண்ட சிக்கனத்தைத் தாண்டி, அதில் ஒரு செய்தியும் இருக்கிறது: உன் திருவிழாவுக்கு வருபவன்தான் உன் சாவுக்கும் வருவான், இரண்டுமே அவனுக்குக் கடமை. இத்தகைய கூட்டத்தில் கைபிடித்து நடந்து பழகிய குழந்தை, பக்கத்து வீட்டுக்காரரின் சாவு தன் வீட்டுக் காரியம் என்பதை யாரும் சொல்லித் தராமலே கற்றுக்கொண்டது.

சாவுக்கு அடுத்தபடி வீடு. வங்கிகள் கூலிக்காரனுக்குக் கடன் தராத காலத்தில், வீட்டுக்கடன் சங்கங்கள் பேட்டைக்குப் பேட்டை முளைத்தன. வாரம் ஒரு நாள் மாலையில் மதுக்கடையின் பின்கட்டிலோ பங்கு மண்டபத்திலோ கூடுவார்கள். ஒவ்வொருவரும் சங்கத்தில் எடுத்த பங்குத்தொகைக்கேற்பக் கால் டாலர், அரை டாலர் கட்டுவார்கள். தொகை சேர்ந்ததும் ஏலம் விடுவார்கள். கூடுதல் தள்ளுபடிக்கு யார் ஒப்புக்கொள்கிறாரோ அவருக்குக் கடன். நம் ஏலச்சீட்டை அறிந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். 25 அடி அகலம், 125 அடி நீளம் என்பது சிகாகோவின் வழக்கமான மனை. அதில் முன்னால் ஒரு மரவீடு, வசதி வந்தால் பின்னால் இன்னொன்று, தரைக்குக் கீழே ஒரு குடித்தனம். சொந்தக்காரர் இருட்டான அடித்தளத்தில் இருந்துகொண்டு நல்ல தளத்தை வாடகைக்கு விடுவதும் உண்டு. 1901ல் ராபர்ட் ஹண்டர் எழுதிய சிகாகோ குடியிருப்பு அறிக்கை இந்தப் பேட்டையின் நெரிசலைக் கண்டு அதிர்ந்தது. அறிக்கை கண்ட நெரிசல் உண்மை. ஆனால் அந்த நெரிசலுக்குள் கடன் அடைந்துகொண்டிருந்ததை அது போதிய அளவு கவனித்ததாகத் தோன்றவில்லை. தவணை கட்டத் தவறினால் முகம் கொடுக்க வேண்டியது வங்கி எழுத்தரிடம் இல்லை. அதே கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் மைத்துனரிடமும் எதிர்வீட்டுக்காரரிடமும்தான். தெருவில் எல்லாரும் எல்லாரையும் கவனித்துக்கொண்டிருந்ததற்கு அன்பு மட்டுமே காரணமாக இருக்கவில்லை. ஒருவர் காசு இன்னொருவர் கையில் இருந்தது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். அந்தக் காசில் பெரும்பகுதி கோயில்களுக்கல்லவா போனது? மக்கள் அடித்தளத்தில் குடியிருக்க, குருக்கள் மாளிகை போன்ற கோயில் எழுப்பினார்கள் என்று அன்றே பேசினார்கள். மில்வாக்கி நகரத்தின் புனித யோசபாத் கோயில் இதற்கு ஆகக் கடினமான சான்று. சிகாகோவில் இடிக்கப்பட்ட பழைய அஞ்சல் அலுவலகக் கட்டடத்தை அந்தப் பங்கு 20,000 டாலருக்கு வாங்கியது. கற்களையும் தூண்களையும் 500 ரயில் வண்டிகளில் ஏற்றி மில்வாக்கிக்குக் கொண்டுபோனார்கள். கூலிக்காரப் பங்கு மக்களே வேலைநேரம் போக வந்து உழைத்து 1901ல் அதை முடித்தார்கள். மிகப் பெரிய கும்மட்டத்தோடு அது எழுந்தபோது பங்கின் கழுத்தில் தாங்க முடியாத கடன் இருந்தது. பங்குத்தந்தை அதே ஆண்டு இறந்துபோனார். கடன் பிரச்சினை நீண்டது, கடைசியில் 1910ல் பிரான்சிஸ்கன் சபையிடம் பங்கு ஒப்படைக்கப்பட்டது. கோயிலை நம்பிக் கடன் கொடுத்த ஏழைகள் பட்ட பாட்டை நியாயப்படுத்த எனக்கு மனமில்லை. ஆனால் இதை வெறும் ஊதாரித்தனம் என்று சொல்வதும் சரியல்ல. நகரசபையிலும் ஆலையிலும் தங்களுக்கென்று ஓர் அங்குல இடம் இல்லாதவர்களுக்குக் கூடுவதற்கு மண்டபமும் படிப்பதற்குப் பள்ளியும் சேர்ந்த ஒரே சொத்து அது. 1892ல் புகழ்பெற்ற நடிகை ஹெலனா மோத்ஜெயெவ்ஸ்கா சிகாகோ வந்து நடித்ததும் பங்கு மண்டபத்தில்தான். பங்கைத் தவிர அவர்களுக்கு வேறு நாடக அரங்கம் எங்கே இருந்தது?

என் வாதத்துக்கு முக்கியமான சான்று பள்ளி. கத்தோலிக்கக் கோயில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பள்ளி கட்ட வேண்டும் என்று 1884ல் பால்டிமோரில் கூடிய ஆயர்கள் மன்றம் ஆணையிட்டது. அந்த ஆணையைப் போலிஷ் பங்குகள் ஏறக்குறைய வெறியோடு நிறைவேற்றின. ஸ்தனிஸ்லாவ் கோஸ்த்கா பள்ளியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாலாயிரத்தை ஒட்டிய பிள்ளைகள் படித்தார்கள். ஒரு கன்னியாஸ்திரியின் முன்னால் எழுபது, எண்பது பேர். ஞானோபதேசம், போலிஷ் வாசிப்பு, போலந்தின் வரலாறு எல்லாம் போலிஷில். கணக்கும் அமெரிக்க வரலாறும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். சுவரில் கன்னி மரியாளின் படம், பக்கத்தில் போலந்து வீரர் கோஷ்சியுஷ்கோவும் வாஷிங்டனும். இதே நேரத்தில் பிரஷ்ய ஆட்சியில் என்ன நடந்தது என்று பார்த்தால் இந்தப் பள்ளியின் அருமை புரியும். 1901 மே மாதம், போஸ்னான் பகுதியின் வ்ஜெஷ்னியா நகரில், ஜெர்மன் மொழியில் ஜெபம் சொல்ல மறுத்த பள்ளிப் பிள்ளைகளைப் பிரம்பால் அடித்தார்கள். அதைத் தட்டிக்கேட்ட பெற்றோர் சிறைக்குப் போனார்கள். அந்த ஊரிலேயே தங்கிவிட்ட குடும்பத்தின் குழந்தை எந்த மொழியில் பேசியதற்கு அடி வாங்கியதோ, அதே மொழியில் எழுத்துக்கூட்டத் தெரியாததற்குச் சிகாகோவில் வளர்ந்த அதன் பெரியப்பா பிள்ளை அடி வாங்கியிருக்கும். இல்லாமல்போன ஒரு நாட்டின் மன்னர்களையும் போர்களையும் வரிசையாக ஒப்பிக்கக் கற்ற தலைமுறை, ஒருபோதும் அந்த மண்ணை மிதிக்காத தலைமுறை. பெற்றோர் தங்கள் கிராமத்தின் பெயரைச் சொல்லித் தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டார்கள். பிள்ளைகள் நாட்டின் பெயரைச் சொன்னார்கள். இந்த மாற்றம் சிகாகோ பேட்டையின் நோபல் தெருவில் நடந்தது, விஸ்துலா நதிக்கரையில் நடக்கவில்லை. 1916ல் சிகாகோவின் புதிய பேராயர் மண்டலைன், மதபோதனையும் வாசிப்பும் தவிர மற்றப் பாடங்கள் ஆங்கிலத்திலேயே நடக்க வேண்டும் என்று சொன்னபோது, போலிஷ் குருக்கள் அவரோடு மோதினார்கள். தங்கள் பேட்டை எதன்மேல் நிற்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் பேட்டை அமைதியானது என்று நினைவுக் குறிப்புகள் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஸ்தனிஸ்லாவ் கோஸ்த்காவிலிருந்து சில நிமிட நடையில் 1873ல் திரித்துவக் கோயில் எழுந்தது. கட்டியவர்களும் போலிஷ்காரர்கள், கத்தோலிக்கர்கள். ஆனால் கோயில் சொத்து யார் பெயரில் இருப்பது, பங்கு நிர்வாகத்தில் பொதுமக்களுக்கு என்ன குரல் என்பதில் அவர்கள் பாஜின்ஸ்கியோடு ஒத்துப்போகவில்லை. இருபது ஆண்டுச் சண்டை. கோயில் பூட்டப்படும், திறக்கப்படும், மறுபடி பூட்டப்படும். 1893ல் பாப்பரசரின் தூதரான பேராயர் சத்தோலியே நேரில் வந்து, அதைத் திருச்சிலுவைச் சபைக் குருக்களிடம் ஒப்படைத்துத் தீர்க்க வேண்டியதாயிற்று. இந்தப் பிளவின் பின்னால் இரண்டு பெரும் அமைப்புகள் இருந்தன. 1873ல் தோன்றிய போலிஷ் ரோமன் கத்தோலிக்க ஐக்கியத்துக்கு முதலில் விசுவாசம், பிறகு தேசம். 1880ல் தோன்றிய போலிஷ் தேசியக் கூட்டணி மதம் பார்க்காமல் தேசத்தை முன்னால் வைத்தது. 1895ல் புனித எட்விஜ் பங்கில் சண்டை முற்றிப் போலீஸ் வந்தது. பிரிந்தவர்கள் அந்தோணி கொஸ்வோவ்ஸ்கி என்ற இளங்குருவின் தலைமையில் ரோமுக்குக் கட்டுப்படாத தனிக்கோயிலே அமைத்துக்கொண்டார்கள். இவ்வளவு சண்டைக்குப் பிறகும் பேட்டை உடையவில்லை, இன்னும் இறுகியது. ஏனென்றால் ஒரு கட்சி நாளிதழ் தொடங்கினால் மற்றதும் தொடங்கியது. ஒருவர் காப்பீடு கொடுத்தால் மற்றவரும் கொடுத்தார். நூலகம், மண்டபம், பாடற்குழு, உடற்பயிற்சிக் கழகம் எல்லாமே இரண்டிரண்டாக எழுந்தன. உறுப்பினரைப் பிடிக்க இரண்டு கட்சியும் வீடு வீடாக ஏறி இறங்கின. தெருவில் ஒதுங்கியிருந்த குடும்பம்கூட ஏதாவதொரு பக்கம் சேர வேண்டியிருந்தது. சண்டையின் பொருளே ‘போலிஷ்காரன் யார்’ என்பதால், சண்டையில் இறங்கிய ஒவ்வொருவனும் அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாடினான்.

என் கருத்துக்கு எதிராக வைக்கக்கூடிய மிகக் கனமான நூல் வில்லியம் தாமஸும் புளோரியன் ஸ்நானியெத்ஸ்கியும் 1918 முதல் 1920 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்ட ஆய்வு. சமூகவியலில் அதற்கு இன்றும் பெரிய இடம் உண்டு. அமெரிக்கப் பங்கு என்பது பழைய கிராமச் சமூகமே, புது உருவில் திரட்டி அடர்த்தியாக்கப்பட்டது என்பது அவர்கள் கருத்து. அதே சமயம் குடும்பங்கள் சிதைவதையும் பிள்ளைகள் கெட்டுப்போவதையும் நீதிமன்றக் கோப்புகளிலிருந்து பக்கம் பக்கமாகக் காட்டினார்கள். இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சிறுவர் நீதிமன்றத்துக்கும் நல அமைப்புகளுக்கும் வந்து சேர்ந்தவர்களின் கோப்புகளை வைத்துக்கொண்டு ஊர் முழுவதையும் அளக்க முடியாது. நீதிமன்றப் படியேறாதவனுக்குக் கோப்பே கிடையாது. முதல் கருத்துக்கு என் பதில் வேறு. கிராமத்தில் கோயில் முன்னோர் விட்டுப்போனது, பாதிரியார் மேலிடத்திலிருந்து வருபவர், நிலம் உறவுமுறையில் வருவது. அங்கே பங்கில் பிறந்ததாலேயே ஒருவன் பங்கைச் சேர்ந்தவன். சிகாகோவில் சந்தா கட்டினால்தான் உறுப்பினன், நிறுத்தினால் பெயர் அடிபடும். அந்த இருவருமே, அமெரிக்காவில் உருவாகும் போலிஷ் சமூகம் போலிஷும் இல்லை, அமெரிக்கமும் இல்லை, ஒரு புதிய உருவாக்கம் என்று ஓரிடத்தில் ஒப்புக்கொள்கிறார்கள். அந்த ஒப்புதலைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன்.

வழக்கங்கள் பழைய நாட்டிலிருந்து வந்தவைதானே என்று கேட்கலாம். வந்தவைதான். கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு, முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகு, ‘ஒப்வாதெக்’ என்ற மெல்லிய வெள்ளை அப்பத்தை வீட்டில் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் பிட்டுக் கொடுத்து வாழ்த்துவார்கள். நற்கருணை அப்பத்தைப் போன்றது, காகிதம்போலத் தட்டையானது, மேலே மாட்டுத்தொழுவக் காட்சி அச்சாகியிருக்கும். பெரிய சனிக்கிழமை முட்டையும் இறைச்சியும் ரொட்டியும் நிரப்பிய கூடையைக் கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்து வருவார்கள். தவக்காலத்துக்கு முன்னால் எண்ணெயில் பொரித்த ‘போஞ்ச்கி’ உருண்டைகள். ஆனால் அந்த அப்பம் வீட்டுக்கு எப்படி வந்தது? பங்கின் ஆர்கன் வாசிப்பவர் டிசம்பரில் வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுப்பார், வீட்டார் கையில் ஏதாவது காசு வைப்பார்கள். அவருடைய வருமானத்தில் அதுவும் ஒரு பகுதி. பல பங்குகளில் அவரே பாட்டு வாத்தியார். வழக்கம் பழையது, அதை நாலாயிரம் படிக்கட்டு ஏற்றிக் கொண்டுசேர்த்த ஏற்பாடு புதியது. பங்கு இல்லாத இடத்துக்குத் தனியாகப் போய்க் குடியேறிய போலிஷ் குடும்பங்களில் இரண்டு தலைமுறையில் மொழியும் வழக்கமும் கரைந்துபோயின. இரத்தத்தில் இருந்ததென்றால் அங்கேயும் தங்கியிருக்க வேண்டும்.

அந்த நெருக்கத்துக்குப் பிள்ளைகள் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். புதுநன்மை வாங்கிப் பதினான்கு வயதை எட்டியதும் பெரும்பாலான பிள்ளைகளின் படிப்பு முடிந்தது. பையன் ஆலைக்கு, பெண் தையற்கடைக்கோ பணக்கார வீட்டு வேலைக்கோ. சம்பள உறையைப் பிரிக்காமல் தாயின் கையில் கொடுப்பது விதி. 1904ல் இறைச்சி ஆலைகளின் கடைநிலைத் தொழிலாளிக்கு மணிக்கு 18½ சென்ட் கூலியைக் காப்பாற்றுவதற்காகவே பெரிய வேலைநிறுத்தம் செய்து தோற்றார்கள் என்றால், அப்பாவின் சம்பளத்தில் மட்டும் வீட்டுக்கடன் அடைந்திருக்க முடியாது. அந்த வீட்டுச் சுவர்களில் பிள்ளைகளின் பள்ளிப்படிப்பும் இருக்கிறது. தாய்மாரோ நாலைந்து வெளியாட்களுக்குச் சோறு பொங்கித் துணி துவைத்து வாடகைக்கு இடமும் கொடுத்தார்கள். இதைத் தியாகம் என்று பாராட்டி விட்டுவிடுவது எனக்குச் சம்மதமில்லை. அந்தப் பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை. பேட்டையைக் குறைசொல்பவரைப் பேட்டை பொறுத்துக்கொள்ளவும் இல்லை. 1942ல் நெல்சன் அல்கிரன் இந்தத் தெருக்களின் ரவுடிகளையும் விலைமாதரையும் வைத்து ‘நெவர் கம் மார்னிங்’ நாவலை எழுதியபோது, கத்தோலிக்க ஐக்கியம் கொதித்தெழுந்தது. சிகாகோ பொது நூலகம் அந்த நாவலை வைக்காமல் விலக்கியது. ஆனாலும் இந்த ஏற்பாடு பிள்ளைகளை நிரந்தரமாகத் தாழ்த்திவிட்டது என்ற முடிவுக்குச் சான்று இல்லை. 1970களில் சமூகவியலாளர் ஆண்ட்ரூ கிரீலி கணக்கெடுத்துப் பார்த்தபோது, போலிஷ் கத்தோலிக்கரின் வருமானம் நாட்டின் சராசரியைவிடக் குறையவில்லை, கூடுதலாகவே இருந்தது. தாமதமாக ஏறினார்கள், சொந்த வீட்டின் படியில் நின்று ஏறினார்கள்.

இதைவிடக் கனமான குற்றச்சாட்டு நிறவெறி. அதற்குச் சமாதானம் சொல்ல நான் முயலவில்லை. வரலாறு காட்டும் வரிசையை மட்டும் சொல்கிறேன். 1919 கோடையில் சிகாகோவில் கறுப்பர்கள்மீது கலவரம் மூண்டபோது, போலிஷ் குருக்களும் பத்திரிகைகளும் இது நம் சண்டை அல்ல, ஒதுங்கி இருங்கள் என்று தங்கள் மக்களிடம் சொன்னார்கள். ஆகஸ்ட் 2ஆம் தேதி ஸ்டாக் யார்ட்ஸ் பின்புறப் பேட்டையில் வைத்த தீயில் ஏறக்குறைய 950 பேர் வீடிழந்தார்கள், பெரும்பாலும் லிதுவேனியர். கறுப்பர்மேல் இவர்களை ஏவிவிடுவதற்காக ஐரிஷ் கும்பல்கள் வைத்த தீ என்று அங்கே பலர் நம்பினார்கள். ஆனால் 1942 பிப்ரவரி 28 அன்று, டெட்ராய்ட்டில் சோஜர்னர் ட்ரூத் குடியிருப்புக்குக் குடிவந்த கறுப்புக் குடும்பங்களை மறித்து நின்ற கூட்டம் சுற்றுப்புறப் போலிஷ் பேட்டையிலிருந்து வந்தது. அந்தப் பங்கின் குருவே எதிர்ப்பை முன்னின்று நடத்தினார். இடைப்பட்ட காலத்தில் கூட்டரசின் வீட்டுக்கடன் கொள்கை, கறுப்பர் வந்தால் அந்தப் பகுதியின் மதிப்பே போய்விடும் என்று வரைபடத்தில் எழுதிவைத்துவிட்டது. ஒரு குடும்பம் இரண்டு தலைமுறையாகச் சேர்த்த ஒரே சொத்து அந்த வீடு. அரசு போட்ட கோட்டைத் தாண்டி வந்த ஏழையை எதிரியாகப் பார்த்தார்கள், கோடு போட்ட அரசை எதிர்க்கவில்லை. இது பெரிய பாவம். எந்தக் காசும் கணக்கும் அவர்களை ஒன்றாக்கியதோ, அதுவே மதிலும் ஆயிற்று.

கட்டியதைப் பிரிக்கவும் முடியும் என்பது அடுத்த ஐம்பது ஆண்டில் தெரிந்தது. 1912க்கும் 1913க்கும் இடைப்பட்ட ஒரே ஆண்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட போலிஷ்காரர்கள் அமெரிக்கா வந்தார்கள். 1924ஆம் ஆண்டுச் சட்டம் போலந்துக்கு வருடத்துக்கு 5,982 இடம் மட்டும் ஒதுக்கியது. புது ரத்தம் நின்றது. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வீட்டுக்கடன் சங்கங்களும் போலிஷ் வங்கிகளும் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கின, அவற்றோடு அவற்றின் வாரக்கூட்டமும் போனது. சாவுப்பணத்தையும் முதியோர் பணத்தையும் அரசு ஏற்றுக்கொண்டபின் சகாய சங்கத்துக்குப் பெயர் மட்டும் மிஞ்சியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரசு தந்த கல்வி உதவியோடும் வீட்டுக்கடனோடும் மூன்றாம் தலைமுறை மில்வாக்கி அவென்யூ வழியே வடமேற்காக நகர்ந்து புறநகரில் இறங்கியது. 1960ல் திறந்த விரைவுச்சாலை ஸ்தனிஸ்லாவ் கோஸ்த்கா கோயிலை இடிக்காமல் வளைந்து போகிறது. அதைச் சுற்றியிருந்த வீடுகளுக்கு அந்தத் தயவு கிடைக்கவில்லை. மனிதரின் குணம் மாறியதால் பேட்டை கலைந்தது என்று எண்ண ஒரு காரணமும் இல்லை. ஒவ்வொரு ஏற்பாடாகக் கழன்றது, அது தாங்கி நின்ற நெருக்கமும் கூடவே கழன்றது.

இப்படிப்பட்ட பேட்டைகளைப் பற்றி எழுத வருபவர்களிடம் ஒரு வேண்டுகோள். பாட்டியின் அடுப்படிக்குப் போவதற்கு முன் சங்கங்களின் தீர்மானப் புத்தகங்களையும், ஒவ்வொரு பங்கும் தன் வெள்ளி விழாவுக்கும் பொன்விழாவுக்கும் அச்சடித்த மலர்களையும் எடுத்துப் படியுங்கள். எத்தனை சங்கம், எத்தனை உறுப்பினர், பள்ளி கட்ட எவ்வளவு கடன், அதில் எவ்வளவு அடைந்தது என்று எல்லாம் அவற்றில் இருக்கும். சிகாகோவில் 1935ல் தொடங்கிய அமெரிக்கப் போலிஷ் அருங்காட்சியகத்தின் நூலகத்தில், மில்வாக்கி அவென்யூவிலேயே, அவை அடுக்கிவைக்கப்பட்டிருக்கின்றன.